நாரை திரும்பிய பக்கம்

வீடனாவ்
12 ஜனவரி 1975

அன்புள்ள அண்ணா,

இங்கே நான் நலம், அப்பா நலம். நீயும் ரோஸ்வித்தா அண்ணியும் யூட்டாக் குட்டியும் நலம் என்று புத்தாண்டு அட்டை சொன்னது. அட்டைகள் பொய் சொல்லும் என்றாலும் இதை நம்பிக்கொள்கிறேன்.

அண்ணி சுட்டு அனுப்பிய கிறிஸ்துமஸ் ரொட்டி உடையாமல் வந்து சேர்ந்தது. நான் அனுப்புகிற திராட்சையும் பாதாமும் நாட்டை இரண்டாகப் பிரிக்கிற எல்லையைத் தாண்டிக் கிழக்கே லைப்சிக் வரை போய், ரொட்டியாகி எனக்கே திரும்பி வருகின்றன. அப்பா இரண்டு துண்டு சாப்பிட்டார். யார் சுட்டது என்று கேட்கவில்லை. மூன்றாவது துண்டுக்குத் தட்டை நீட்டினார். அண்ணியிடம் சொல்.

இப்போது செய்தி. உட்கார்ந்து படி. மாநில அரசு சின்ன ஊர்களையெல்லாம் சேர்த்துக் கட்டுகிறது. நம் வீடனாவும் ஹோல்ம்பாக்கும் இந்தப் புத்தாண்டிலிருந்து ஒரே ஊராட்சி. நீ சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. அம்மா இருந்திருந்தால் இன்னும் பலமாகச் சிரித்திருப்பாள். ஹோல்ம்பாக்கிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவளை முதல் இரண்டு வருடம் "ஆத்துக்கு அந்தப் பக்கத்துக்காரி" என்றுதானே இங்கே கூப்பிட்டார்கள்.

புதிய ஊராட்சிக்குக் கேடய வடிவில் ஒரு சின்னம் வேண்டும். கொடியில் பறக்க, அலுவலக வாசலில் மாட்ட, முத்திரையில் பதிக்க. அதற்கொரு குழு. பழைய ஊர்த்தலைவர் என்பதால் அப்பா அதற்குத் தலைவர். ஹோல்ம்பாக் தரப்பில் டாக்டர் வெண்டெலின். குறிப்பெழுத நான், பள்ளிக்கூட டீச்சர் என்ற தகுதியில். முதல் கூட்டம் சத்திரத்தில் நடந்தது. நம் பழைய முத்திரையில் நாரை, அவர்கள் முத்திரையில் செம்மறிக் கடா. மீதியை நீயே ஊகிப்பாய்.

"கடா எதுக்கு? வர்றவங்களை முட்டறதுக்கா?" என்றார் அப்பா.

"உங்க நாரை மட்டும் என்ன ஒழுங்கு? பாதி வருஷம் ஊர்லயே இருக்காது. குளிர் வந்தா ஆப்பிரிக்காவுக்கு ஓடிப்போற ஜென்மம். அதைத் தூக்கிக் கொடியில வைக்கணுமாக்கும்!" என்றார் டாக்டர்.

"போனாலும் திரும்பி வருதில்ல!" என்று அப்பா மேசையில் ஓங்கி அடித்தார். பிறகு ஏனோ பியர் நுரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் அத்துடன் முடிந்தது.

அண்ணா, இதை வரைய உன்னைவிட்டால் எனக்கு யாரைத் தெரியும்? புத்தகங்களுக்குப் படம் செதுக்குகிற உன் கை ஒரு நாரையையும் ஒரு கடாவையும் ஒரே கேடயத்துக்குள் நிறுத்திவைக்காதா? அப்பாவிடம் கேட்டாயா என்று மட்டும் கேட்காதே.

எல்லையில் இதை இடையில் பிரித்துப் படிக்கிற அதிகாரிக்கும் என் புத்தாண்டு வாழ்த்து.

அன்புடன் உன் தங்கை
இர்மேலா

லைப்சிக்
2 பிப்ரவரி 1975

அன்பு இர்மி,

நாங்கள் மூவரும் நலம். யூட்டாவுக்குச் சளி, அவளிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து ரோஸ்விக்கு. அதைத் தவிர எங்கள் வீட்டில் எதுவும் சுற்றி வரவில்லை. நீ அனுப்பிய காப்பி வாசனையில் மாடி வீட்டுக்காரர்கள் இரண்டு முறை சர்க்கரை கடன் கேட்க வந்தார்கள்.

இடையில் படிப்பவருக்கு வாழ்த்தெல்லாம் எழுதாதே. பாவம், பதில் வாழ்த்துச் சொல்ல அவருக்கு வழியில்லை.

நான் வரைவதா? இர்மி, நான் அந்த ஊரைவிட்டு வந்து இருபத்து மூன்று வருடமாகிறது. கிளம்பி வந்த நாளில் பேருந்து நிறுத்தத்தில் நீ மட்டும் நின்றாய். அப்பா தோட்டத்தில் பீன்ஸ் கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். "போறவன் போகட்டும், முதுகைப் பார்த்துக்கிட்டு நிக்கிறதுக்கு எனக்கு நேரமில்ல" என்று வேலிக்கு அப்பாலிருந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அவர் தலைவராக இருக்கிற குழுவுக்கு நான் படம் போட்டுத் தருவதாக இருந்தால் அதைக் கேட்க வேண்டியவர் நீ இல்லை.

சரி, கோபம் இவ்வளவுதான். தீர்ந்துவிட்டது. தொழில் பேசுவோம். நீ குறிப்பெழுதுகிறவள் என்பதால் ஒன்றைத் தெரிந்துகொள். கேடயத்தில் இடது வலது என்பது பார்க்கிறவனுடைய இடது வலது இல்லை. கேடயத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கிறான் பார், அவனுடையது. நம் கண்ணுக்கு இடப்பக்கமாகத் தெரிவது அவனுக்கு வலப்பக்கம். அதுதான் மதிப்பான இடம். எந்த மிருகமும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் நிற்கவேண்டும். தெரியாதவர்கள் எல்லோரும் முதலில் இதில்தான் தப்புச் செய்வார்கள். உன் குழுவும் செய்யும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

இன்னொன்று. சின்னங்களுக்கு ஒப்புதல் தருகிற ஆவணக்காப்பகத்தில் சின்னத்துக்குக் கதை கேட்பார்கள், எப்படி வந்தது, என்ன பொருள் என்று. அப்பா தன் பாதியைத்தான் சொல்வார். அம்மாவின் பாதியை யாராவது சொல்லியாக வேண்டும்.

அப்பா நலம் என்று ஒரே வரியில் எழுதுகிறாய். எவ்வளவு நலம்?

உன் அண்ணன்
தீட்மார்

வீடனாவ்
23 பிப்ரவரி 1975

அன்புள்ள அண்ணா,

நலம். அப்பாவும் நலம். சளி எல்லாம் போய்விட்டதா? யூட்டாவுக்குக் கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருக்கிறேன். கால் அளவை ஒரு காகிதத்தில் வரைந்து அனுப்பு.

பந்தயத்தில் ஜெயித்துவிட்டாய். அதே தப்பு. அப்பா கேடயத்தை நடுவில் பிரித்து, நாரையை "வலப்பக்கம்" நிறுத்துங்கள் என்று பெருந்தன்மையாகச் சொல்ல, டாக்டர் தன் வலது கைப் பக்கம் விரலைக் காட்ட, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்ததால் ஆளுக்கொரு வலம் ஆகிவிட்டது. நீ எழுதிய விதியை நான் படித்தேன், உன் பெயரைச் சொல்லாமல். "எனக்குத் தெரிந்த ஒரு தொழில்காரர் எழுதியிருக்கிறார்" என்றேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு "விஷயம் தெரிஞ்ச ஆள்தான்" என்றார்.

பிறகு கதை. மாவட்டத்திலிருந்து அதிகாரி கேட்க வருவதாக இருந்தது. அதிகாரி வருகிற நாளில் அப்பாவுக்கு வரும் இடுப்பு வலி உனக்கு நினைவிருக்கிறதா? பள்ளி ஆய்வாளர் வந்த அன்று கட்டிலில் படுத்து அப்படி முனகினாரே, ஆய்வாளரே அம்மாவுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாரே. வண்டி திருப்பம் தாண்டியதும் எழுந்து சாஸேஜ் கேட்டாரே. அதே வலி இந்த முறையும் வந்தது. அதனால் அதிகாரியை நம் வீட்டுக்கே அழைத்து வந்தார்கள். அப்பா தலையணையில் சாய்ந்தபடி சொன்னார். முந்நூறு வருடத்துக்கு முந்தி முப்பதாண்டுப் போரில் படை வந்து வீடனாவைக் கொளுத்தியது, ஜனங்கள் ஓடிப் பிழைத்தார்கள், திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பாதையும் இல்லை, எங்கே கிணறு, எங்கே கோயில் என்று எதுவும் தெரியவில்லை. எரியாமல் நின்ற ஒற்றைப் புகைபோக்கியின் மேல் நாரை வந்து கூடு கட்டிக்கொண்டிருந்தது. அதை வைத்து இடத்தைக் கண்டுபிடித்து மறுபடி ஊரைக் கட்டினார்கள்.

"யார் தயவும் இல்லாம கட்டினோம். அதையும் எழுதிக்குங்க" என்றார்.

டாக்டர் சன்னலோரம் நின்று சிரித்தார். "ஏன் கோட்ஹோல்ட், ஊர் எரிஞ்சது அறுவடைக்கு அப்புறம். நாரை வந்தது வசந்தத்துல. நடுவுல ஒரு குளிர்காலம் இருக்கே, அதை எங்கய்யா கழிச்சாங்க உங்க ஆளுங்க? புகைபோக்கிக்குள்ளயா?"

அம்மாவும் இதே கேள்வியைத்தான் கேட்பாள். சூப் கிண்டிக்கொண்டே கேட்பாள். "அந்தக் குளிர்காலம் பூரா எங்க இருந்தாங்கன்னு உங்கப்பாவைக் கேளுங்க. ஹோல்ம்பாக் ஆட்டுப்பட்டியில, கடாங்களோட ஒட்டிப் படுத்துக் கதகதன்னு இருந்தாங்க." அப்பா அப்போதெல்லாம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உப்பு கேட்பார். இப்போது உப்பு கேட்கவும் வழியில்லாமல், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து முனகினார்.

வரைந்து அனுப்பேன், அண்ணா. கேட்க வேண்டியவர் கேட்கமாட்டார். உனக்கே தெரியும்.

அன்புடன்
இர்மேலா

லைப்சிக்
20 மார்ச் 1975

அன்பு இர்மி,

எல்லோரும் நலம். யூட்டாவின் கால் இந்தக் காகிதத்தின் பின்புறம் இருக்கிறது. வரையும்போது கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டாள், அதனால் கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் ராட்சசத்தனமாக இருக்கும்.

உனக்காகத்தான் வரைந்தேன். ஊருக்காக இல்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் நாரையின் காலை வரையும்போது நாரை கூடு கட்டுகிற நம் கொட்டகைக் கூரை ஞாபகம் வந்துவிட்டது.

படம் உறைக்குள் இருக்கிறது. கேடயம் நடுவில் பிரிகிறது. மதிப்பான பக்கம், அதாவது உன் கண்ணுக்கு இடப்பக்கம், நீலத்தில் வெள்ளி நாரை, செங்கால், சிவந்த அலகு. மறுபக்கம் பொன்னிறத்தில் கறுப்புக் கடா. வீடனாவ் பழைய ஊர், பெரிய ஊர். ஆகவே முதலிடம் நாரைக்கு. அப்பாவுக்கு இதில் குறை இருக்காது.

இனிதான் சிக்கல். விதிப்படி இரண்டும் ஒரே பக்கம் பார்க்கவேண்டும். அப்படி நிறுத்தினால் நாரை கேடயத்துக்கு வெளியே பார்க்கும். கடாவுக்கு அதன் முதுகுதான் தெரியும். கடாவோ பாவம், நாரையையேதான் பார்த்துக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட இடத்துக்கென்று பழைய காலத்திலேயே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். கணவன் குடும்பச் சின்னமும் மனைவி குடும்பச் சின்னமும் ஒரே கேடயத்தில் சேரும்போது கணவன் பக்கத்து மிருகம் தன் இயல்பான திசையை விட்டு மனைவி பக்கம் திரும்பிக்கொள்ளும். பணிவினால் அல்ல, மரியாதையினால். திரும்புகிறவர் தாழ்ந்தவர் இல்லை என்பதற்கு அத்தாட்சி, மதிப்பான இடத்தில் நிற்பவர்தான் திரும்பவேண்டும். மற்றவர் திரும்ப முடியாது. அவர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆகவே என் நாரை திரும்பியிருக்கிறது. இதைக் குழுவில் அப்படியே வாசி.

அப்பா எப்படி இருக்கிறார்? நலம் என்ற சொல் வேண்டாம். வேறு ஏதாவது எழுது.

அண்ணன்
தீட்மார்

வீடனாவ்
18 மே 1975

அன்புள்ள அண்ணா,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. பள்ளியில் தேர்வு, தோட்டத்தில் களை, கோழிகளும் இப்போது என் பொறுப்பு. காலுறைகள் சேர்ந்தனவா? கட்டைவிரலுக்குத் தாராளமாக இடம் விட்டிருக்கிறேன்.

உன் படத்தைச் சத்திரத்து மேசையில் வைத்ததும் எல்லோரும் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு நெருங்கினார்கள். டாக்டர் மூக்கை உறிஞ்சினார். "எங்க கடா இவ்வளவு அழகுன்னு இத்தனை நாள் எங்களுக்கே தெரியாமப்போச்சே" என்றார். அப்பா நெடுநேரம் பார்த்தார். படத்தை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு நான் நீ எழுதிய வழக்கத்தை வாசித்தேன். வாசித்து முடித்ததும் எழுந்துவிட்டார்.

"வீடனாவ் நாரை யாருக்காகவும் கழுத்தைத் திருப்பாது."

"திருப்பலேன்னா எங்க கடாவுக்கு உங்க நாரை பின்பக்கத்தைக் காட்டிக்கிட்டு நிக்கும். அந்தக் கொடியை எங்க தெருவுல ஏத்த விடமாட்டோம்" என்றார் டாக்டர்.

"ஏத்தாதே போ. எனக்கென்ன!"

"எப்பவும் இதே பேச்சு உனக்கு. எனக்கென்ன, எனக்கென்ன!"

அதோடு நிற்கிறது. மற்ற ஊர்களெல்லாம் கொடி ஏற்றிவிட்டன. ஊராட்சி அலுவலக வாசலில் நமக்கு மட்டும் ஒரு ஆணி, ஆணியில் ஒன்றுமில்லை.

நலம் என்று எழுதாதே என்றாய். அப்பாவுடைய சாய்வு நாற்காலியைக் கூடத்திலிருந்து தோட்டத்துச் சன்னலுக்கு மாற்றிப் போட்டிருக்கிறேன். அங்கே வெயில் நன்றாக வருகிறது. பீன்ஸுக்கு இந்த வருடம் நான்தான் கம்பு நட்டேன், கோணலாக நட்டதாகச் சன்னலிலிருந்தே திட்டினார். வியாழக்கிழமைதோறும் டாக்டர் வந்து அவருடன் சின்னத்தைப் பற்றிச் சண்டை போட்டுவிட்டுப் போகிறார். கூரையில் நாரை மூன்று குஞ்சு பொரித்திருக்கிறது. ஊர் முழுக்க லைலாக் பூத்துக் கிடக்கிறது.

அண்ணிக்கும் யூட்டாவுக்கும் என் முத்தங்கள்.

இர்மேலா

லைப்சிக்
1 ஜூன் 1975

அன்பு இர்மி,

நலம். காலுறைகள் பொருந்தின. யூட்டா அவற்றைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள், ஜூன் மாதத்தில்.

இரண்டே கேள்வி. சண்டை போட வருகிற டாக்டர் ஏன் வியாழக்கிழமை தவறாமல் வருகிறார்? அப்பா பைப் புகைப்பதைப் பற்றிக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு நீ ஒரு வரி கூட எழுதவில்லை. திரைச்சீலையெல்லாம் நாறுகிறது என்று ஒவ்வொரு கடிதத்திலும் திட்டுவாயே?

பெற்றோர் உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்தால், மருத்துவர் சான்று வந்தால், எல்லையைத் தாண்ட எனக்குப் பயண அனுமதி தருவார்கள். விண்ணப்பம் போட்டு நாளாகும். ஆகவே கேட்கிறேன்.

தீட்மார்

வீடனாவ்
6 ஜூலை 1975

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலம்.

இந்த வருடம் செர்ரி அப்படிக் காய்த்திருக்கிறது, கிளைகளுக்கு முட்டுக்கொடுக்க வேண்டியதாகிவிட்டது. இருபது கிலோவுக்கு மேல் பறித்து ஜாம் செய்தேன். விதை எடுத்து எடுத்து என் நகமெல்லாம் கறுத்து, வகுப்பில் பிள்ளைகள் என் கையையே பார்க்கிறார்கள். ஆறாம் வகுப்புக்கு ஒவ்வொருவரும் தன் வீட்டுக்கு ஒரு சின்னம் வரையவேண்டும் என்று சொன்னேன். பேக்கரிக்காரர் மகன் ஒரு கட்டிலை வரைந்திருந்தான். "ஏன்டா கட்டில்?" என்றால், "அப்பா எப்பவும் தூங்கறார் டீச்சர், ராத்திரியெல்லாம் ரொட்டி சுடுறதால" என்றான். நான் எதை வரைவேன் என்று யோசித்தேன். எனக்குத் தோன்றியது ஒரு வாசல்படி. இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒருத்தி. அதற்கெல்லாம் கேடயத்தில் வழக்கம் இருக்குமா தெரியவில்லை.

போன வியாழன் டாக்டரும் அப்பாவும் அதிகம் சண்டை போடவில்லை. டாக்டர் ஆட்டுப்பட்டிக் கதையை மறுபடி தொடங்கினார். அப்பா குறுக்கே பேசவில்லை. கடைசியில், "எல்ஸபெத்தும் இதைத்தான் சொல்லுவா" என்றார். அம்மாவின் பெயரை அவர் சொல்லி நான் கேட்டு எத்தனையோ வருடம். பிறகு உன் படத்தைச் சன்னல் விளிம்பில், தனக்குத் தெரிகிற மாதிரி சாய்த்து வைக்கச் சொன்னார். "பூட்டி வைக்கிறதுக்கா வரைஞ்சிருக்கான்?" என்றார். "வரைஞ்சிருக்கார்" இல்லை, "வரைஞ்சிருக்கான்".

நீ கேட்டதற்குப் பதில் எழுதாமல் விட்டேன் என்று நினைக்காதே. செர்ரியைப் பற்றி எழுத நிறைய இருந்தது. ஒரு பாட்டில் ஜாம் தனியே அனுப்பியிருக்கிறேன்.

உன்
இர்மேலா

லைப்சிக்
29 ஜூலை 1975

அன்பு இர்மி,

கடிதம் கிடைத்தது. ஜாமும் கிடைத்தது. செர்ரியைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

தீட்மார்

வீடனாவ்
24 ஆகஸ்ட் 1975

லைப்சிக் ஓவியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாயிருக்க விரும்புகிறேன்.

ஊர்ச்சின்னக் குழுவின் தலைவர் என்ற முறையில் எழுதுகிறேன். தாங்கள் அனுப்பிய படத்தைக் குழு ஏற்றுக்கொண்டது. நாரை திரும்பலாம் என்று தீர்மானித்திருக்கிறோம். டாக்டர் வெண்டெலின் இதைத் தன் வெற்றி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். சொல்லிக்கொள்ளட்டும். திரும்பவேண்டியது முதலிடத்தில் நிற்பவர் என்று தாங்கள் எழுதியதைக் குறிப்பாளர் வாசித்தார். அதை நான் முதலில் சரியாகக் கேட்கவில்லை. எனக்கு ஒரு காது மந்தம்.

படத்தில் ஒரு குறை உண்டு. நாரையின் கழுத்து நீளம். இதே ஓவியர் பன்னிரண்டு வயதில் என் கொட்டகைக் கதவில் கரிக்கட்டியால் ஒரு நாரை வரைந்தார். அன்றும் கழுத்து நீளம்தான், அதற்கு அடியும் வாங்கினார். அந்தக் கதவு அப்படியே இருக்கிறது. பெயிண்ட் அடிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

கழுத்தைத் திருத்தும் வேலையைத் தபாலில் செய்யமுடியாது என்று நினைக்கிறேன். ஓவியர் நேரில் வரவேண்டும். இதற்காக டாக்டரின் சான்று இத்துடன் இருக்கிறது. எனக்கு உடம்பு மிகவும் மோசம் என்று முத்திரையுடன் எழுதியிருக்கிறார். அதிகாரிகள் கவனமாகப் படிக்கவேண்டும். நீ கவலைப்படவேண்டாம். பள்ளி ஆய்வாளர் வந்த அன்று எனக்கு வந்ததே, அதே வலிதான். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இந்த வருடம் நாரைகள் சீக்கிரமே கிளம்பிவிட்டன. நீ அதற்காகத் தயங்காதே.

கோட்ஹோல்ட் வீகாண்ட்
தலைவர், ஊர்ச்சின்னக் குழு

லைப்சிக்
14 செப்டம்பர் 1975

அன்பு இர்மி,

அனுமதி கிடைத்துவிட்டது. ஒரு வாரம். நான் மட்டும். ரோஸ்வியும் யூட்டாவும் இங்கேயே இருக்கவேண்டும், நான் திரும்பி வருவேன் என்பதற்கு அவர்கள்தான் பிணை. வியாழக்கிழமை மாலைப் பேருந்தில் வருகிறேன்.

அலுவலகத்தில் அந்தப் பெண் சான்றைப் படித்துவிட்டு, "வருத்தமா இருக்குங்க" என்றாள். நான் தலையாட்டினேன். நாடகம் ஆடுகிறேனா, நிஜமாகவே தலையாட்டுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

அப்பாவிடம் சொல், அவருடைய இடுப்பு வலியை நான் துளியும் நம்பவில்லை, சாஸேஜை எடுத்து வைக்கட்டும் என்று. அப்படியே சொல், சிரித்துக்கொண்டு.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நான் நம்புகிறேன். நாற்காலியை நீ வெயிலுக்காக நகர்த்தவில்லை என்று மே மாதமே தெரியும். சொல்லாதே என்று அவர் உன்னிடம் வாக்கு வாங்கியிருப்பார், நீயும் கொடுத்திருப்பாய். உன்மேல் எனக்குக் கோபமில்லை. ஜாம் மிக நன்றாக இருந்தது.

யூட்டா தாத்தாவுக்கு ஒரு கடா வரைந்து கொடுத்திருக்கிறாள். அதற்கு ஐந்து கால். குழு ஏற்கவேண்டும்.

தீட்மார்

வீடனாவ்
30 நவம்பர் 1975

அன்புள்ள அண்ணா,

அப்பா நலமாக இல்லை. இப்படி எழுத எனக்கு இப்போதுதான் அனுமதி கிடைத்திருக்கிறது. "இனிமே அவனுக்கு உள்ளதை எழுது, வந்து பார்த்துட்டுப் போனவன்கிட்ட என்ன மறைப்பு" என்றார். மூச்சு வாங்குகிறது. மாடிப்படி ஏறுவதில்லை. டாக்டர் வியாழனும் வருகிறார், ஞாயிறும் வருகிறார். ஆனால் வலி அதிகமில்லாமல் பார்த்துக்கொள்கிறார். சூப் குடிக்கிறார். சாஸேஜ் ஒரு துண்டு, பிடிவாதமாக. அண்ணியும் யூட்டாவும் எப்படி இருக்கிறார்கள்? ஐந்து கால் கடா அப்பாவின் கட்டிலுக்கு மேல் ஆணியடித்து மாட்டியிருக்கிறது.

செப்டம்பரில் நீ வந்துவிட்டுத் திரும்பிப் போன அன்று நடந்ததை உனக்குச் சொல்லவேண்டும். பேருந்துக்குள் ஏறும்வரை நீ வீட்டுப் பக்கம் பார்க்கவே இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். சன்னலில் யாரும் இல்லாமலிருந்தால் என்ன செய்வது என்று பயந்திருப்பாய். அண்ணா, அவர் சன்னலில்தான் இருந்தார். காலையிலேயே நாற்காலியைத் தோட்டத்துப் பக்கமிருந்து தெருப் பக்கம் திருப்பிப்போடச் சொன்னார். பேருந்து திருப்பத்தில் மறையும்வரை பார்த்தார், மறைந்த பிறகும் பார்த்தார். நான் உள்ளே வந்து, "தோட்டத்துப் பக்கமே திருப்பிடட்டுமா அப்பா?" என்றேன். "இருக்கட்டும். வெயில் இங்கயும் வருது" என்றார். அந்தச் சன்னலில் வெயிலே வருவதில்லை. நாற்காலி இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

ஆவணக்காப்பகத்திலிருந்து ஒப்புதல் வந்துவிட்டது. அவர்கள் மொழியில் எழுதியிருக்கிறார்கள்: "நீலத்தில், மரியாதையின் பொருட்டு முகம் திருப்பிய வெள்ளி நாரை. பொன்னில் கறுப்புக் கடா." பொருள் என்ற இடத்தில் எழுத வேண்டியதை அப்பாவே சொல்ல, நான் எழுதி அனுப்பியிருந்தேன். ஊரார் முன்னால் இன்று அதை வாசித்ததும் நான்தான். "எரிந்த ஊர் எங்கே இருந்தது என்று காட்டியது நாரை. அதற்கு முந்திய குளிர்காலத்தில் அந்த ஊர் மக்களைத் தன் பட்டியில் வைத்துக் காத்தது ஹோல்ம்பாக்." ஹோல்ம்பாக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். டாக்டர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "தூசி" என்றார். பனி பெய்துகொண்டிருந்தது.

அப்பாவை நாற்காலியோடு தூக்கி வந்து, கம்பளி போர்த்தி, அலுவலக வாசலில் வைத்திருந்தோம். கொடி ஏறியது. ஏறியதும் காற்று மாறி அப்படியே மறுபக்கம் புரண்டுவிட்டது. துணி மெல்லியது, படம் பின்பக்கமும் தெரிந்தது. எல்லாம் இடம் மாறி, நாரை கடாவின் இடத்திலும் கடா நாரையின் இடத்திலும். நான் பதறிவிட்டேன். நீ சொல்லித்தந்த வலமும் இடமும் போய்விட்டதே என்று டாக்டரைப் பார்த்தேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏன் முழிக்கிறே? நல்லாப் பாரு. எந்தப் பக்கத்திலேருந்து பார்த்தாலும் ரெண்டும் ஒண்ணையொண்ணுதான் பார்த்துக்கிட்டு நிக்குது."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"அவனுக்கு எழுது. கழுத்து இன்னும் நீளம்தான்னு எழுது."

எழுதிவிட்டேன்.

உன்
இர்மேலா